காலங்கடந்த இயங்குதளமும் நீட்டிப்புக் கட்டணமும்

கணிப்பொறி பழுதின்றிப் பல்லாண்டு உழைக்கக்கூடும். ஆனால் அதன் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்திற்கு, அதனை ஆக்கிய நிறுவனம் ஒரு கால எல்லையை விதிக்கிறது. அந்நாளுக்குப் பின்னரும் கணிப்பொறி இயங்கும். புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்கள் மட்டும் வாரா. அவற்றைத் தொடர்ந்து பெறத் தனியே செலுத்தும் தொகையே நீட்டிப்புக் கட்டணமாகும்.

2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவுற்றது. பிரிட்டிஷ் அரசு தன் பொதுத்துறை முழுமைக்குமாக ஏறத்தாழ 55 லட்சம் பவுன் செலுத்தி ஓராண்டு அவகாசம் பெற்றது. 2015-இல் அவ்வொப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்னும் தீங்கு மென்பொருள் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் 236 மருத்துவ நிர்வாக அமைப்புகளுள் குறைந்தது 81 பாதிப்புற்றன. நோயாளிகளுக்குக் குறிக்கப்பட்டிருந்த சிகிச்சைகள் ஆயிரக்கணக்கில் தள்ளிப்போயின. பழி முழுவதும் எக்ஸ்பி மீது விழுந்தது. ஆனால் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் கண்டது வேறு. தாக்குண்ட கணிப்பொறிகளில் பெரும்பாலானவை, அன்று ஆதரவிலிருந்த விண்டோஸ் 7 கொண்டவை. அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியான திருத்தம் அவற்றில் பொருத்தப்படவில்லை. திருத்தம் பெறும் உரிமை ஒன்று. அதனை உரிய காலத்தில் பொருத்த ஆளும் நடைமுறையும் இருப்பது மற்றொன்று. முன்னதற்கு நிதி ஒதுக்கீடு பெறுவது எளிது. பின்னதற்கு அத்துணை எளிதன்று.

கட்டண அமைப்பும் ஆராயத்தக்கது. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நிறுவனங்களுக்கான நீட்டிப்புக் கட்டணம் கணிப்பொறி ஒன்றுக்கு முதலாண்டில் 61 டாலர். அடுத்தடுத்த ஆண்டுகளில் 122, 244 என இரட்டிக்கும். மூன்றாமாண்டுக் கட்டணம் முதலிரண்டு ஆண்டுகளின் கூட்டுத்தொகையையே விஞ்சுகிறது. இரண்டாமாண்டில் சேர்வோர் முதலாண்டுக்கும் சேர்த்துச் செலுத்த வேண்டும். ஆகவே காத்திருப்பதால் மிச்சமில்லை. ஆயிரம் கணிப்பொறிகளுள்ள அலுவலகம் மூன்றாண்டும் நீட்டித்தால் 4,27,000 டாலர் செலவாகும். முடிவிலோ அதே பழைய கணிப்பொறிகளே எஞ்சும். ஆய்வகக் கருவிகளுடன் பிணைந்தவை போன்று உடனே மாற்றவியலாத சிலவற்றிற்கு மட்டும் கட்டணம் செலுத்தி, ஏனையவற்றை முதலாண்டிலேயே மாற்றிவிடுவதே சிக்கனமாகும்.

அவகாசத்திற்கு நாள் குறிக்கும் முறைக்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆதரவிழந்த இயங்குதளங்களில் இயங்கிய ஏ.டி.எம். இயந்திரங்களை மேம்படுத்துமாறு ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் வங்கிகளைப் பணித்தது. செப்டம்பருக்குள் கால்பங்கு, டிசம்பருக்குள் அரைப்பங்கு, 2019 மார்ச்சுக்குள் முக்கால்பங்கு, ஜூனுக்குள் முழுவதும் என ஒவ்வொரு காலாண்டிற்கும் அளவு வரையறுக்கப்பட்டது.