கதிமானியும் சில்லின் பரிதியும்

அளவுக்கருவி ஒன்று காட்டும் எண்ணை நாம் பெரும்பாலும் ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறோம். அவ்வெண் எவ்வாறு பெறப்பட்டது, எந்த எடுகோளின்மீது அது நிற்கின்றது என்னும் வினாக்கள் எழுவது அரிது. மோட்டார் வாகனத்தின் கதிமானி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். வாகனத்திற்கு முன்னையவற்றினும் பெரிய ரயர்களைப் பூட்டியதும் கதிமானி பிழையான கதியைக் காட்டத் தொடங்குகின்றது. ஆயின் கருவியில் பழுது எதுவும் ஏற்படுவதில்லை. இந்நிலை எவ்வாறு தோன்றுகின்றது, அதனைச் சீர்செய்யும் முறைகள் யாவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீண்டகாலம் வழக்கிலிருந்த காந்தவகைக் கதிமானிக்கு ஜேர்மனியரான ஒட்டோ ஷுல்ற்சே 1902ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். கியர்ப்பெட்டியின் வெளியீட்டு அச்சிலிருந்து பற்சில்லுகளின் வழியாகச் சுழற்றப்படும் வடம் ஒன்று, கருவியினுள் உள்ள காந்தத்தைச் சுழற்றுகின்றது. காந்தத்தை அடுத்து, அதனைத் தொடாதவாறு அமைந்த அலுமினியக் கிண்ணத்திற் சுழிப்போட்டங்கள் தூண்டப்படுகின்றன. அவற்றால் எழும் திருப்பு விசையை மெல்லிய சுருள்வில் ஒன்று எதிர்க்கின்றது. இரண்டும் சமப்படும் இடத்திற் காட்டி நிற்கும். கடந்த தூரத்தைக் காட்டும் தூரமானியும் இதே வடத்தினாலேயே இயங்குகின்றது. அண்மைக்கால வாகனங்களில் வடத்திற்குப் பதிலாக மின்னணு உணரியொன்று துடிப்புகளை அனுப்புகின்றது. எவ்வகையாயினும், கருவி அறிவது சுழற்சிகளை மட்டுமே. ஒரு சுழற்சியில் வாகனம் எவ்வளவு தூரம் செல்கின்றது என்பதை அது அளப்பதில்லை. அது சில்லின் பரிதியைப் பற்றி ஆக்கியோர் கொண்ட எடுகோளாகக் கருவியினுள் முன்னரே உறைந்துள்ளது.

அமெரிக்காவின் இலகுரக வாகனங்களில் நன்கு அறியப்பட்ட ஒரு மாற்றத்தை நோக்குவோம். 235/75 ஆர் 15 எனக் குறிக்கப்பட்ட ரயரின் அகலம் 235 மி.மீ.; அதன் பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தின் 75 சதவீதம்; உள்வளையத்தின் விட்டம் 15 அங்குலம். எனவே அதன் முழு விட்டம் 733.5 மி.மீ. ஆகும். இதற்குப் பதிலாக 31 அங்குல ரயரைப் பூட்டினால் விட்டம் 787.4 மி.மீ. ஆகின்றது. இவற்றிடையேயான விகிதம் 1.073. முன்னர் சரியாகக் காட்டிய கருவி இப்போது மணிக்கு 100 கி.மீ. எனக் காட்டுகையில், வாகனம் உண்மையில் ஏறத்தாழ 107 கி.மீ. கதியிற் செல்கின்றது.

இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயின் இயக்கசக்தி கதியின் வர்க்கத்திற்கு விகிதசமமாதலின், அது 15 சதவீதத்தால் உயர்கின்றது. தடுப்பை அழுத்திய பின் வாகனம் ஓடும் தூரமும் அதே அளவிற் கூடுகின்றது. தெருவிற் செல்லும் பாதசாரிக்கு இது உயிர்ப் பிரச்சினையாகும். சாரதியோ தான் சட்ட வரம்பினுள் இருப்பதாகவே நம்புவார். தூரமானியும் 1,00,000 கி.மீ. ஓடிய வாகனத்தை ஏறத்தாழ 93,000 கி.மீ. ஓடியதாகவே காட்டும். அதனைப் பின்னர் வாங்குபவர் அறியாமலே ஏமாற்றப்படுகின்றார். கிலோமீற்றருக்கு இவ்வளவு என வாடகை பேசப்படுமிடத்து வாகன உரிமையாளர் இழப்படைகின்றார். ரயர் சிறிதாயின் அவ்விழப்பு வாடகைக்கு அமர்த்தியவரைச் சாரும். அளவையின் வழு எவருடைய பையிலிருந்தோ ஈடுசெய்யப்படுகின்றது என்பது நோக்கற்பாலது.

திருத்தத்தின் முதற்படி, உண்மைப் பரிதியை அளப்பதாகும். வாகனத்தின் பாரம் ரயரைச் சற்று நசுக்குவதால், விட்டத்திலிருந்து கணிக்கும் பரிதியிலும் உருளும் பரிதி சிறிது குறைவாகும். ஆகவே காற்றழுத்தத்தைச் சரிசெய்து, ரயரிலும் நிலத்திலும் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, வாகனத்தை நேர்கோட்டிற் பத்துச் சுழற்சிகள் தள்ளிச் சென்று, கடந்த தூரத்தைப் பத்தால் வகுத்தல் நன்று. அடுத்து, கருவி காட்டுவதை மெய்க்கதியுடன் ஒப்பிட வேண்டும். மணிக்கு 60 கி.மீ. கதியில் 1 கி.மீ. கடக்க 60 செக்கன்கள் வேண்டும். 56 செக்கன்களிற் கடந்தால் உண்மைக் கதி 64 கி.மீ. ஆகும். செய்மதிவழிக் கதிகாட்டும் கைத்தொலைபேசியும், நேரான தெருவில் மாறாக் கதியிற் செல்லும்போது இதற்கு உதவும்.

வடத்தால் இயங்கும் கருவியில், வடத்தைச் சுழற்றும் பற்சில்லை மாற்றுவதே வழக்கமான திருத்தமாகும். பெரிய ரயர் குறைந்த தடவைகள் சுழலுவதால், வடம் விரைந்து சுழலுமாறு குறைந்த பற்களையுடைய சில்லைப் பொருத்த வேண்டும். முன்னையது 20 பற்களையுடையதெனக் கொள்வோம். 20ஐ 1.073 ஆல் வகுத்தால் 18.6 வருகின்றது, ஆயின் பற்கள் முழு எண்களாகவே அமையும். 19 பற்களாயின் உண்மையான 100 கி.மீ. கதி 98 எனத் தோன்றும். 18 பற்களாயின் 103.5 எனத் தோன்றும். மின்னணு முறையில் இத்தடை இல்லை. ரயரின் அளவை வாகனத்தின் கட்டுப்பாட்டுக் கணினியிற் புதிதாகப் பதியலாம். அன்றேல் உணரிக்கும் கதிமானிக்கும் இடையில் துடிப்புகளின் எண்ணிக்கையை மாற்றும் சிறுகருவி ஒன்றை இணைக்கலாம்.

இரண்டு வழுக்களில் எதனை ஏற்பது? ஐரோப்பாவுக்கான ஐக்கிய நாடுகள் பொருளாதார ஆணைக்குழுவின் 39ஆம் இலக்க ஒழுங்குவிதி இதற்கு வழிகாட்டுகின்றது. காட்டப்படும் கதி உண்மைக் கதியிற் குறைதல் கூடாது. மிகுமாயின் உண்மைக் கதியின் பத்திலொரு பங்குடன் 4 கி.மீ. சேர்ந்த அளவை விஞ்சலாகாது. இதன்படி 18 பற்களே தகுந்தவை. இவ்விதி காரணமாகப் பல கதிமானிகள் தொடக்கத்திலேயே சற்று மிகுத்துக் காட்டுமாறு அமைக்கப்படுகின்றன. அவ்வாறாயின் 19 பற்களும் போதியதாகலாம். மெய்க்கதியை அளந்தபின் பல்லைத் தெரிவுசெய்ய வேண்டியது இதனாலேயே. எனினும் காப்பின்பொருட்டுக் கதியை மிகுத்துக் காட்டினால், அதே வடத்தில் இயங்கும் தூரமானியும் தூரத்தை மிகுத்துக் காட்டும். ஒருவருக்குக் காப்பாவது மற்றொருவருக்குச் செலவாகின்றது.

இத்திருத்தமும் நிலையானதன்று. 8 மி.மீ. ஆழமான தவாளிப்பு 1.6 மி.மீ. ஆகத் தேயும்போது 31 அங்குல ரயரின் விட்டம் ஏறத்தாழ 1.6 சதவீதத்தாற் குறைகின்றது. ஆகவே கதிமானியின் எண், சில்லின் பரிதி மாறாதவரை மட்டுமே மெய்யாகும். எடுகோள் மாறும்போது கருவியையும் மாற்றியமைப்பதே அறிவியல் நெறியாகும்.