கீல்வாதமும் கொல்கிசீன் குளிசையும்

கார்த்திகை மாதத்தில் நம் ஊர் வேலிகளிலே மஞ்சளும் செம்மையும் விரவிச் சுடர்போல விரியும் கார்த்திகைப்பூவை நம்முள் அறியாதார் இலர். பண்டைப் புலவர் காந்தள் எனப் போற்றியதும் இதுவே. இதன் கிழங்கு கொடிய நஞ்சு. அதை உண்டு உயிரிழந்தோர் இந்நாட்டில் உளர். அந்நஞ்சிலுள்ள கொல்கிசீன் என்னும் பொருளே, கீல்வாதத்தால் வருந்துவோர்க்கு வைத்தியர் கொடுக்கும் சிறு குளிசையிலும் உள்ளது என்பதைப் பலர் அறியார்.

கீல்வாதம் என்ற பெயரால் மூட்டுநோய்கள் பல வழங்குகின்றன. நாம் ஈண்டுக் கூறப் புகுந்தது 'கவுற்' என்னும் நோயையே. குருதியில் யூரிக் அமிலம் மிகுந்தவிடத்து, அது ஊசிபோன்ற பளிங்குகளாகி மூட்டுகளிற் படியும். அப்பளிங்குகளை விழுங்கப் புகும் வெண்குருதிக் கலங்கள் எழுப்பும் கிளர்ச்சியே அழற்சியாகும். இரவிலே நன்றாகத் துயின்றவர், விடியுமுன் காற்பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை படினும் பொறாது துடிப்பர்.

கொல்கிக்கம் என்னும் ஐரோப்பியச் செடியிலிருந்து இம்மருந்தை 1820 இல் பெலெத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இருவர் பிரித்தெடுத்தனர். இது வெண்குருதிக் கலங்களின் இயக்கத்தைத் தடுத்து அழற்சியைத் தணிக்கின்றது.

முற்காலத்தில், நோவு தீரும்வரை அல்லது வயிற்றோட்டம் காணும்வரை, மணிக்கணக்கில் இதனைத் தொடர்ந்து உண்ணும்படி கூறுவர். மிகுதியாக உண்டால் மிகுதியான பயன் உண்டென்று எண்ணினர் போலும். 2010 இல் வெளிவந்த ஆய்வொன்று அவ்வெண்ணம் பிழையென்று காட்டிற்று. ஒரு சாராருக்கு 6 மணி நேரத்தில் 4.8 மில்லிகிராமும், மற்றொரு சாராருக்கு ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராமும் கொடுத்தனர். நோவு தணிந்தது இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே அளவினதே. வயிற்றோட்டமோ முன்னவருள் நூற்றுக்கு 77 பேருக்கும், பின்னவருள் 23 பேருக்கும் உண்டாயிற்று.

ஆகவே, நோய் தொடங்கிய 12 மணி நேரத்துக்குள், முதலில் 1 மில்லிகிராமும், ஒரு மணி நேரத்தின் பின் அரை மில்லிகிராமும் உண்பதே முதல் நாளுக்குரிய அளவென ஐரோப்பிய வாதநோய் வல்லுநர் 2016 இல் விதந்துரைத்தனர். அடுத்த நாட்களுக்குரிய அளவை வைத்தியரே வகுத்தல் வேண்டும். வாந்தியோ வயிற்றோட்டமோ காணின் மருந்தை நிறுத்தி, அவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

இவ்வளவும் எல்லார்க்கும் பொருந்துவதன்று. சிறுநீரகமும் ஈரலும் தளர்ந்தோர் உடம்பில் இம்மருந்து தேங்கும். கிளரித்திரோமைசின் என்னும் நுண்ணுயிர்கொல்லி, வெரபமில், டில்ரியாசெம் என்னும் இருதய மருந்துகள், சைக்ளோஸ்போரின் முதலியவற்றோடு சேரின் இதன் வலிமை நஞ்சளவுக்கு உயரக்கூடும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்ரற்றின் குளிசைகளை உண்போர் தசைநோவும் தளர்ச்சியும் தோன்றுகின்றனவா என்று கவனித்தல் நன்று. ஆதலின் தாம் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் வைத்தியருக்குக் காட்டுக. இம்மருந்து ஒவ்வாதார்க்குப் பிரெட்னிசலோன் முதலிய வேறு மருந்துகள் உள.

அளவு மிஞ்சியவிடத்து இது செய்யும் தீங்கு உடனே தோன்றாது. சில மணி நேரங் கழித்தே வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். பின்னர் என்பு மச்சையும் இருதயமும் சிறுநீரகமும் தாக்கப்படும். குருதியைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தாலும் இதனை அகற்றல் இயலாது. எனவே, தவறி மிகுதியாக உண்டவர், நலமாக இருக்கின்றோமே என்று வாளாவிராது அப்பொழுதே ஆசுபத்திரிக்குச் செல்லல் வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டாதவாறு குளிசைகளைப் பூட்டி வைத்தலும் கடன்.

மற்றொன்று. கொல்கிசீன் அழற்சியைத் தணிப்பதன்றி யூரிக் அமிலத்தைக் குறைப்பதன்று. அடிக்கடி நோய் வருமாயின், அலோபியூரினோல் போன்ற மருந்தை நாள்தோறும் உண்ண நேரும். அதனை முன்னரே உண்டு வருவோர், நோவு வந்த நாளில் தாமாக நிறுத்துதல் தவறு.

நம் பழைய மாணவருட் பலர் இந்நோய் வரும் வயதினர். ஒருவர் துன்பங்கண்டு மற்றொருவர் தம் சட்டைப்பையிலுள்ள குளிசையை எடுத்து நீட்டுதல் நட்பின் இயல்பே. எனினும் இக்குளிசையை நீட்டாதிருத்தலே நட்பு. முதன்முறை மூட்டு வீங்கியவர் குளிசையைத் தேடுமுன் வைத்தியரைத் தேடுக. காய்ச்சலோடு வீங்கிய மூட்டிற் கிருமி புகுந்திருத்தலும் கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. அமிர்தத்துக்கே அளவு வேண்டுமாயின், நஞ்சிற் பிறந்த மருந்துக்கு அது எத்துணை வேண்டும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதின்று.