பூவாளியும் ஷவரும்

செபாஸ்தியன் க்னைப் நெசவாளி வீட்டுப் பிள்ளை. பவேரியாவில் பாதிரியாராவதற்குப் படித்துக்கொண்டிருந்தபோது நுரையீரல் நோய் அவரை உருக்கியெடுத்தது. ஹான் என்ற மருத்துவர் குளிர்நீரைப் பற்றி அதற்கு முந்தைய நூற்றாண்டில் எழுதிய சிறுநூல் ஒன்று கைக்கு வந்தது. அதைப் படித்துவிட்டு, 1849-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டான்யூப் ஆற்றுக்குப் போகத் தொடங்கினார். ஓட்டமும் நடையுமாகப் போவார். உடம்பு சூடேறியிருக்கும்போதே சில நொடி முங்கி எழுவார். துணியை மாட்டிக்கொண்டு மறுபடி ஓடி வருவார். உடம்பு தேறியது. தண்ணீர்தான் தேற்றியது என்று சாதிக்க முடியாது. காசநோய் சிலருக்குத் தானாகவும் அடங்கும். ஆனால் சூடு, கொஞ்சம் குளிர், மறுபடி சூடு என்ற வரிசை அவர் கைக்கு வந்துவிட்டது.

1855-இல் வோரிஸ்ஹோஃபன் கிராமத்துக் கன்னியர் மடத்துக்குப் போனார். அங்கே நோயாளிகளுக்கு அவர் தண்ணீர் ஊற்றியது தோட்டத்துப் பூவாளியால். ஓங்கி அடிக்காமல், தோலை ஒட்டி வழியும்படி ஊற்ற வேண்டும். வலது பாதத்தில், இதயத்துக்கு எட்டத்தில் தொடங்கி மேலே வர வேண்டும். வெதுவெதுப்பும் குளிர்ச்சியும் மாறிமாறி வரும் சிகிச்சையில் சூடு நிமிடக் கணக்கு, குளிர் நொடிக் கணக்கு; முடிப்பது குளிரில். சில்லிட்ட உடம்பில் குளிர்நீர் படவே கூடாது. குளித்த பின் துவட்டுவதில்லை. ஈரத்தோடு உடுத்திக்கொண்டு, கதகதப்பு திரும்பும்வரை நடக்க வேண்டும். ஆரம்பத்தில் கடுமையாக ஊற்றியவர், ஆயிரக்கணக்கான உடம்புகளைப் பார்த்தபின் வரவர மென்மையானார். அவரிடம் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். 1886-இல் அவருடைய நீர்ச் சிகிச்சை நூல் வந்தபின் ஐரோப்பாவே அந்தக் கிராமத்தில் வந்து இறங்கியது.

இன்று பூவாளிக்குப் பதில் ஷவர். கீசர் இருக்கும் வீட்டில் குமிழைத் திருப்பினால் சூடு, மறுபக்கம் திருப்பினால் குளிர். விறகு வைத்துக் காய்ச்சிய காலத்தில் இது நினைத்தும் பார்க்க முடியாத வசதி. போன இடம் தெரியாமல் போனது பக்கத்தில் நின்று பார்த்த ஆள். தோல் சிவக்கிறதா, உதடு நீலம் பாய்கிறதா, எப்போது நிறுத்துவது என்று பார்க்க ஒருவர் இருந்தார். இப்போது கைப்பேசியின் நிறுத்துக்கடிகாரம்தான் இருக்கிறது. ஐஸ் தொட்டியில் எத்தனை நிமிடம் உட்கார்ந்தோம் என்பது சாதனைக் கணக்காகிவிட்டது.

நெதர்லாந்தில் 3,018 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. வழக்கமான வெந்நீர்க் குளியலின் முடிவில் 30, 60 அல்லது 90 நொடி குளிர்நீரில் நின்றவர்கள், நிற்காதவர்களைவிட 29 சதவீதம் குறைவாகவே நோய் விடுப்பு எடுத்தார்கள். இந்த எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள். அதே ஆய்வில், உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்கள் குறையவில்லை. அதாவது நோய் வந்தும் வேலைக்குப் போகிற தெம்பு இருந்திருக்கிறது. நோயே வராமல் தடுத்ததாகச் சொல்ல இடமில்லை. 30 நொடிக்கும் 90 நொடிக்கும் வித்தியாசமும் இல்லை. குளிர் நொடிக் கணக்கில் போதும் என்று வோரிஸ்ஹோஃபனில் சொன்னதற்கு இது ஒத்துப்போகிறது.

குளிர்நீர் பட்டதும் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், மூச்சு இறைக்கும், ரத்த அழுத்தம் எகிறும். ஆரோக்கியமானவருக்கு அது புத்துணர்ச்சி. இதயநோய் உள்ளவருக்கு ஆபத்து. அந்த ஆய்வில் கடுமையான நோயுள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. இதைச் சொல்லாமல் காணொளி போடுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது.

நம் ஊருக்கு வந்தால் கணக்கே மாறும். மே மாத மதியம் சென்னையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். அங்கே குளிர்க்குழாய் என்பது பெயருக்குத்தான். ஊட்டியில் டிசம்பர் விடியலில் குழாயைத் திறப்பவர் வேறு ஆள். அவர் முதலில் வெந்நீரில் நன்றாகச் சூடேறி, பிறகு பாதம், முழங்கால், கை என்று பத்து நொடி குளிர்நீர் விட்டுக்கொண்டால் போதும். தலையில் விட வேண்டியதில்லை. ரத்தக்கொதிப்பு, இதயக்கோளாறு, கர்ப்பம் என்று ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் குமிழைத் திருப்ப வேண்டும்.