சாயப் பட்டறை மாஸ்டர் வாங்கிய டெலிவிஷன்

நிறத்தில் இம்மியளவு பிசகினாலும் ஒத்துக்கொள்ளாத மனிதர் அவர். திருப்பூரை அடுத்த சாயப் பட்டறை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாஸ்டராக இருக்கிறார். ஜெர்மனியிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ வந்து சேரும் கைக்குட்டையளவு மாதிரித் துணிக்கு நிறம் பிடித்து, 'லேப் டிப்' போட்டு அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு. நமக்கு இரண்டும் ஒரே பச்சையாகத்தான் தெரியும். அவரோ, "இதுல மஞ்சள் ஏறிப்போச்சு" என்று ஒதுக்கித் தள்ளிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் 2025 தீபாவளிக்கு ஒரு டெலிவிஷன் வாங்கினார். போனஸ் பணம், அதோடு சீட்டு எடுத்த பணம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டெலிவிஷன்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி அந்தச் செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருந்தது. அந்தத் துணிச்சலில் 43 அங்குலம் என்று போட்டிருந்த கணக்கு 55 அங்குலமாக வளர்ந்தது. பெட்டி வந்து சுவரில் ஏறிய மூன்றாம் நாள் எனக்குப் போன் வந்தது.

"ஏனுங்க தம்பி, நீங்க பத்திரிகைக்காரரு, நாலு விஷயம் தெரிஞ்சவரு. ஒரு எட்டு வந்து இந்தப் பொட்டியப் பாருங்க. கடையில தங்கமாட்ட இருந்துச்சு. ஊட்டுல போட்டா மூஞ்சியெல்லாம் நீலம் பூத்தாப்பல தெரியுது. பையன் வேற, இது வெளையாட்டுக்கு ஆவாதுங்கறான். மாத்திப் போடலாமான்னு யோசனை பண்றனுங்க."

போனேன். வீட்டுக்கார அம்மாள் காப்பியைக் கொடுத்துவிட்டு, "இவிய ரெண்டு பேரும் மூணு நாளா அந்த ரிமோட்டுக்குத்தான் அடிச்சுக்கறாங்க" என்று தம் பங்குக்கு ஒரு புகாரையும் பதிவு செய்தார். மகன் கல்லூரி மாணவன். விடுமுறை நாட்களில் பனியன் கம்பெனியில் 'செக்கிங்' வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் கைமாறிய பிளேஸ்டேஷன் 5 ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். தகப்பனாருக்குச் சினிமா, பிள்ளைக்கு ஆட்டம். ஒரே பெட்டி இருவருக்கும் ஊழியம் செய்ய வேண்டும். இன்று பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலைமை.

கடை வெளிச்சம்

கடையில் என்ன நடந்தது என்று விசாரித்தேன். சுவர் முழுக்க முப்பது பெட்டிகள். கூரையில் கண்ணைப் பறிக்கும் விளக்குகள். எல்லாப் பெட்டியிலும் கிளியும் பூவும் தேனும் ஓடிக்கொண்டிருந்தன. எது அதிகம் பளிச்சிட்டதோ அதன்மேல் மாஸ்டரின் விரல் போய் நின்றது.

நான் மெதுவாக ஒரு கேள்வி கேட்டேன். "மாஸ்டர், லேப் டிப்பை நீங்கள் எங்கே வைத்துப் பார்ப்பீர்கள்?"

"கலர் மேட்சிங் பொட்டிக்குள்ளதானுங்க. வெளிய வெச்சுப் பார்த்தா ஷேடு ஏமாத்திப் போடுமுங்களே" என்றவர், சொல்லி வாயை மூடுவதற்குள் சிரித்துவிட்டார்.

பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். சாம்பல் பூச்சுள்ள கூண்டு. உள்ளே வகைக்கொன்றாக விளக்குகள். டி 65 என்பது பகல் வெளிச்சத்துக்குச் சர்வதேச அளவில் வகுத்த தரம். அதன் நிறவெப்பம் ஏறக்குறைய 6500 கெல்வின். டி.எல். 84 என்பது ஐரோப்பியக் கடைகளின் குழல் விளக்கு. இழை பல்பின் மஞ்சள் வெளிச்சத்துக்கு 'ஏ' விளக்கு. ஒரு விளக்கில் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும் இரண்டு துணிகள் மற்றொரு விளக்கில் அந்நியர்களாகிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டெலிவிஷனுக்கும் தரம் அதே டி 65தான்! படத்தின் நிறங்களைத் திருத்தி முடிக்கும் ஸ்டூடியோக்களில் 'வெள்ளை' என்றால் இந்த வெள்ளையையே குறிக்கும். நாம் வாங்கும் பெட்டியோ 'விவிட்' என்ற கோலத்தில் கடையில் நிற்கிறது. அதில் வெள்ளை நீலத்துக்குத் தாவி 10,000 கெல்வினுக்கும் மேலே ஓடுவது உண்டு. கூட்டத்தில் எடுபட வேண்டும் என்பதற்காகப் போட்ட வேஷம் அது. வாழ்நாளெல்லாம் டி 65 விளக்கின் கீழ் நின்றவர், டெலிவிஷனை மட்டும் கடை விளக்கில் பார்த்து வாங்கிவிட்டார்.

முதல் வேலை

ரிமோட்டை வாங்கினேன். பட அமைப்பில் 'விவிட்' இருந்த இடத்தில் 'ஃபிலிம்மேக்கர்' என்பதை வைத்தேன். அது இல்லாத பெட்டிகளில் 'சினிமா' அல்லது 'மூவி' என்றிருக்கும். நிறவெப்பம் 'வார்ம்' ஆயிற்று. உடனே அம்மாள், "ஐயோ, மஞ்சக்காமாலை வந்தாப்பல இருக்குது" என்றார். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். மூன்று நாள் நீலத்தில் ஊறிய கண் அது. இரண்டு மாலைப் பொழுது பொறுத்துக்கொண்டால், பிறகு பழைய அமைப்புக்குத் திரும்பும்போது அதுதான் விகாரமாகத் தோன்றும்.

மாஸ்டருக்கு ஒரு யோசனை உதித்தது. உள்ளே போய் ஒரு புது வெள்ளைப் பனியனை எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். பாதியிலேயே கையைக் கீழே போட்டுவிட்டார். "இது ஆவாதுங்க. இதுல வொயிட்னர் ஏத்தியிருக்குதே!" உண்மைதான். வெள்ளைப் பனியன் பளீரென்று தெரிவதற்காகச் சேர்க்கும் ஆப்டிகல் வொயிட்னர், கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரை நீல வெளிச்சமாக மாற்றித் தருகிறது. பனியனும் கடை டெலிவிஷனும் ஒரே தந்திரத்தில் பிழைப்பு நடத்துகின்றன!

அடுத்தது 'ஷார்ப்னெஸ்'. பெயரைக் கேட்டால் எவ்வளவு கூட்டினாலும் நல்லது என்றே தோன்றும். உண்மையில் அது எழுத்துக்கும் முகத்துக்கும் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்துவிடுகிற வேலை. அநேகப் பெட்டிகளில் அதைப் பூஜ்யத்துக்கு அருகில் வைப்பதே உத்தமம். 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்பதையும் அணைத்தோம். பழைய படங்களில் மணல் தூவியது போலத் தெரியும் துகள் ஃபிலிமின் சுபாவம். அதைத் துடைக்கப் போனால் நடிகரின் முகமும் சேர்ந்து மெழுகு பொம்மையாகிவிடும். கருப்பு நிறத்தைச் சரிபார்க்க, இருட்டுக் காட்சி ஒன்றை நிறுத்தி, கருப்புக் கோட்டின் மடிப்பு லேசாகத் தெரியும் அளவுக்கு வைத்தோம். மடிப்பே தெரியாவிட்டால் அளவு குறைவு. கோட்டு சாம்பலாக வெளுத்தால் அதிகம்.

பிறகு முக்கியமான ஒன்று. சினிமாப் படம் விநாடிக்கு 24 காட்சிகளாக எடுக்கப்படுகிறது. நம் டெலிவிஷன்கள் அதோடு திருப்தி அடைவதில்லை. இரண்டு காட்சிகளுக்கு நடுவே தாங்களே ஒன்றைக் கற்பனை செய்து செருகுகின்றன. விளைவு, கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படம் மெகா சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறது. ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ் 2018 டிசம்பரில், டைரக்டர் கிறிஸ்டோபர் மெக்குவாரியுடன் சேர்ந்து, இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று வீடியோ வெளியிட்டுக் கேட்டுக்கொண்டார். மறு ஆண்டு அறிவிக்கப்பட்டதுதான் மேலே சொன்ன 'ஃபிலிம்மேக்கர்' அமைப்பு. ஒரே பொத்தானில் இந்தச் செருகல் வேலை நின்றுவிடும். சோனியில் இதற்கு 'மோஷன்ஃப்ளோ' என்றும், எல்.ஜி.யில் 'ட்ரூமோஷன்' என்றும் பெயர். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. சினிமாவுக்கு வேண்டாம்.

மேலும் கீழும் கருப்புப் பட்டை வருகிறதே என்றார் அம்மாள். அது பெட்டியின் குற்றமல்ல. 1973-இல் வந்த 'ராஜ ராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அந்த வகைப் படங்களின் அகலம் உயரத்தைப் போல் சுமார் 2.39 மடங்கு. டெலிவிஷனுக்கு அது 1.78 மடங்குதான். எனவே திரையின் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு கருப்பாகத்தான் நிற்கும். 'ஜூம்' போட்டு அதை நிரப்பினால் இரு ஓரத்திலும் நிற்பவர்கள் காணாமற் போவார்கள்.

பிள்ளையின் வழக்கு

"அண்ணா, நான் பட்டனை அமுக்கி ஒரு நிமிஷம் களிச்சுத்தானுங்க அந்தாளு திரும்பறான்" என்றான் பையன். நிமிஷம் என்பது மிகை. ஆனால் புகாரில் நியாயம் இருந்தது. படத்தை அழகுபடுத்தும் வேலைகளுக்கெல்லாம் பெட்டிக்கு நேரம் பிடிக்கிறது. சில அமைப்புகளில் அந்தத் தாமதம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை போகும். அது ஒரு பெரிய விஷயமா என்று தகப்பனார் கேட்டார். நிமிஷத்துக்கு 5000 தையல் ஓடும் ஓவர்லாக் மெஷினில், அந்த நேரத்துக்குள் எட்டுத் தையல் விழுந்துவிடும் என்று கணக்குச் சொன்னேன். அதன்பின் அவர் எதிர்வாதம் செய்யவில்லை.

மருந்து சுலபம். பிளேஸ்டேஷன் சேர்ந்திருக்கும் எச்.டி.எம்.ஐ. வாயிலுக்கு மட்டும் 'கேம்' அமைப்பு. அலங்கார வேலைகள் நின்று, தாமதம் பத்துப் பதினைந்து மில்லி விநாடிக்கு இறங்கிவிடும். அந்த அமைப்பிலும் நிறவெப்பத்தை 'வார்ம்' என்றே வைக்கலாம்; ஆட்டத்துக்காக நீலத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. அந்த வாயிலின் சிக்னல் அமைப்பையும் பார்க்க வேண்டும். 'என்ஹான்ஸ்டு' என்றோ 'டீப் கலர்' என்றோ கம்பெனிக்கொரு பெயர். அதைத் திறக்காவிட்டால் எச்.டி.ஆர். முழுமையாக வராமற் போகலாம். பிளேஸ்டேஷனுக்குள்ளேயே எச்.டி.ஆர். சரிசெய்யும் திரை ஒன்று உண்டு. அதில் காட்டும் சின்னம் கண்ணுக்கு மறையும் எல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். ஆட ஆரம்பித்ததும் முகம் மலர்ந்தது.

ஆனால் பாதி மலர்ச்சிதான். "120 வருமாண்ணா?" என்றான்.

வராது. பெட்டியின் மேல் 'மோஷன் 240' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அது விளம்பரக் கணக்கு. விவரத் தாளின் கோடியில் சிறிய எழுத்தில் 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தது. திரை உண்மையில் விநாடிக்கு மாற்றக்கூடிய காட்சிகள் அவ்வளவே. பிளேஸ்டேஷன் 5 சில ஆட்டங்களை 120 வரை கொடுக்க வல்லது. அதை 4கே தெளிவில் வாங்கிக்கொள்ள 120 ஹெர்ட்ஸ் திரையும், 2017-இல் வெளிவந்த எச்.டி.எம்.ஐ. 2.1 தரத்தில் அமைந்த வாயிலும் வேண்டும். அப்படிப்பட்ட பெட்டிகளிலும் நான்கு வாயிலில் இரண்டுக்கு மட்டும் அந்தச் சக்தி இருப்பது சகஜம். 24 என்பது 120-இல் சரியாக ஐந்து முறை அடங்கும், 60-இல் அடங்காது. ஆகையால் சினிமாவுக்கும் 120தான் இசைவு. அன்று கடையில் யாரும் இதைக் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை.

மாஸ்டர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "ஷேடு தப்பினா டாப்பிங் போட்டுச் சரி பண்ணிப்போடலாம். நூல் கவுண்ட்டே தப்புன்னா துணி நெய்ஞ்சப்புறம் என்ன பண்றதுங்க?" என்றார்.

விஷயத்தை இதைவிடச் சுருக்கமாக நான் சொல்ல முடியாது. நிறம், வெளிச்சம், கூர்மை, அசைவு எல்லாம் ரிமோட்டில் திருத்திக்கொள்ளக் கூடியவை. கடையில் அவற்றைப் பார்த்து மயங்கிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. திரையின் வேகம், வாயில்களின் தரம், கருப்பின் ஆழம், அளவு ஆகிய நான்கும் திருத்த முடியாதவை. பார்க்க வேண்டியவை அவைதாம்.

கருப்பின் ஆழத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். கிளிப் படத்தை நம்பாமல், உங்களுக்குப் பழக்கமான ஒரு ஸ்கோப் படத்தைப் பென் டிரைவில் கொண்டு போங்கள். 'ஸ்டோர் மோடு' என்பதை 'ஹோம் மோடு' ஆக்கச் சொல்லி, முடிந்தால் அந்தப் பக்கத்து விளக்கையும் அணைக்கச் சொல்லுங்கள். மேல் கீழ்ப் பட்டைகள் சுவரோடு மறைந்தால் நல்ல திரை; சாம்பலாக மினுங்கினால் சுமார். திரைக்குப் பின்னால் விளக்கு எரியும் எல்.ஈ.டி. வகையில், 'வி.ஏ.' திரைக்குக் கருப்பு ஆழம், 'ஐ.பி.எஸ்.' திரையைப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது. கியூ.எல்.ஈ.டி. என்பதும் பின்விளக்கு ஜாதிதான். நிறத்துக்குக் குவாண்டம் புள்ளிகள் சேர்த்தது. அந்தப் புள்ளிகளுக்கு 2023-இல் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது என்பதற்காகக் கருப்பு தானாக ஆழமாகிவிடாது. ஓ.எல்.ஈ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைகிறது, கருப்பென்றால் கருப்பு. ஆட்டத்துக்கும் அது வெகு வேகம். ஆனால் காலை முதல் இரவு வரை செய்திச் சேனல் ஓடும் வீடாக இருந்தால், ஒரே இடத்தில் நிற்கும் முத்திரை நாளடைவில் திரையில் தழும்பாகப் பதிந்துவிடக் கூடும்.

அளவைப் பொறுத்தவரை மாஸ்டர் தற்செயலாகத் தப்பித்தார். திரையின் குறுக்களவைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில் உட்கார்ந்தால் சினிமாவுக்கு உகந்தது. 55 அங்குலத்துக்கு அது ஏழரை அடி. அவர்கள் வீட்டுச் சோபா எட்டடியில் இருக்கிறது.

பெட்டியை மாற்றித் தரக் கடை சம்மதிக்கவில்லை. பழுது ஒன்றும் இல்லையே. பையன் 60-இல்தான் ஆடுகிறான்.

அடுத்த வாரம் மீண்டும் போயிருந்தேன். டெலிவிஷனுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சாய ரெசிபி எழுதும் அதே பாரத்தில், தேதி போட்டு, 'சினிமா', 'கேம்' என்று இரண்டு பத்தி பிரித்து, ஒவ்வொரு அமைப்பின் எண்ணையும் வரிசையாக எழுதிக் கீழே கையெழுத்தும் வைத்திருந்தார் மாஸ்டர். "எங்கம்மா சீரியல் பாக்கறப்ப எதையாச்சும் அமுக்கி விவிட்டுக்குக் கொண்டு போயிருதுங்க தம்பி" என்றார்.