பழைய ஜப்பான் ஃபோர் வீல் வான்: மலிவும் கறளும்

போன மாதம் வன்கூவரில் இருக்கிற நண்பர் ஒருவர் ஒரு படத்தை அனுப்பிவிட்டு உடனே போன் எடுத்தார். "டெலிகா ஒண்டு பாத்திருக்கிறன். 97ஆம் ஆண்டு, டீசல், ஃபோர் வீல். ஏலத்தாளிலை நாலு போட்டிருக்கு. விலையும் பரவாயில்லை. காசு கட்டட்டோ?"

படத்தில் இருந்தது ஜப்பானிய ஏலத்தாள். முகவர் கொடுத்த மொழிபெயர்ப்பில் "நல்ல நிலை, சிறு கீறல்கள்" என்று ஒரே வரி. ஆனால் தாளின் அடியில் பரிசோதகர் கையால் எழுதியது நாலு வரி. அதில் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே ஒரு தொடர் "ஷிட்டாமவாரி சபி". அடிப்பக்கம் கறள், அதாவது துரு. மொழிபெயர்ப்பில் அந்த வரியைக் காணவில்லை.

"இப்ப கட்டாதேங்கோ" என்றேன். ஏன் என்று விளக்க ஒரு மணித்தியாலம் போய்விட்டது. அந்தக் கதையைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த வானுக்கு ஏன் இவ்வளவு மவுசு? மிட்சுபிசி டெலிகா 1968இல் ஒரு சின்ன லொறியாகத்தான் தொடங்கியது. பெயரே 'டெலிவரி கார்' என்பதன் சுருக்கம். 1982இல் அதற்கு ஃபோர் வீல் வந்தது. 1986இல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்டார் வேகன், 1994இல் வந்தது ஸ்பேஸ் கியர். இரண்டுமே பஜேரோ ஜீப்பின் சாமான்களை நிறையப் பயன்படுத்தியவை. ஏழெட்டுப் பேர் இருக்கலாம், படுக்கலாம், அதே வண்டியில் லோ கியர் போட்டு மலைப்பாதையில் ஏறலாம். வட அமெரிக்காவில் இப்படி ஒன்று கிடைப்பது குறைவு. 80களின் கடைசியில் மிட்சுபிசி இதே வானை அமெரிக்காவில் விற்றது, ஆனால் பின் சில்லு மட்டும் இழுக்கிற மொடல். டொயோட்டா கொஞ்சக் காலம் ஃபோர் வீல் வான் விற்றது. ஃபோக்ஸ்வாகனின் சிங்ரோ இருக்கிறது, அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆகவே ஆக்கள் ஜப்பானைப் பார்க்கிறார்கள்.

ஜப்பானில் அது ஏன் மலிவு? கனபேர் "ஜப்பான்காரர் பழசை விரும்பமாட்டினம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். விருப்பம் ஒரு பக்கம், சட்டம் மறுபக்கம். அங்கே 'ஷாக்கென்' என்ற கட்டாயப் பரிசோதனை உண்டு. புதுக் காருக்கு முதல் மூன்று வருடத்தில், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. சின்ன சரக்கு வான் என்றால் பழசான பிறகு ஒவ்வொரு வருடமும். பரிசோதனைக் கட்டணம், வரி, காப்புறுதி, திருத்த வேலை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். டீசல் வண்டிக்கு 11 வருடம், பெற்றோலுக்கு 13 வருடம் தாண்டினால் வருடாந்த வரியும் கூடும். அதற்கு மேலே 1992இல் வந்த நைட்ரஜன் ஒக்சைட் சட்டம். 2001இல் அதைத் திருத்தி டீசல் கார்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். டோக்கியோ, ஒசாகா, நகோயா பகுதிகளில் வசிப்பவர் பழைய டீசல் வானைத் தன் முகவரியில் தொடர்ந்து பதிந்துவைக்க முடியாமல் போனது. நன்றாக ஓடுகிற வண்டி, ஆனால் வைத்திருக்க வழியில்லை. அப்படித்தான் அது ஏலத்துக்கு வந்தது. நாங்கள் அனுபவிக்கிற மலிவு அந்தச் சட்டங்கள் தந்தது.

இனி நண்பரின் வானுக்கு வருவோம். ஜப்பானில் ஃபோர் வீல் வானை யார் வாங்கினார்கள்? டோக்கியோ நகரத்துக்குள் இருக்கிறவருக்கு அது பெரிதாகத் தேவையில்லை. பனி கொட்டுகிற ஹொக்கைடோ, நீகாத்தா, நகானோ பக்கத்து ஆக்கள், அல்லது சனி ஞாயிறில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள். 80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் அங்கே பனிச்சறுக்கு ஒரு பெரிய மோகம். டெலிகா அந்தக் காலத்தின் பிள்ளை. அதே நேரம் இன்னொன்றும் நடந்தது. ஆணி பதித்த பனி ரயர்கள் றோட்டை அரைத்துத் தூசு கிளப்புகின்றன என்று சென்டாய், சப்போரோ போன்ற நகரங்களில் பெரிய பிரச்சினை. 1990இல் சட்டம் போட்டு அந்த ரயர்களைக் கட்டுப்படுத்தினார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் ஆணி இல்லாவிட்டால் றோட்டு வழுக்கும், வழுக்கினால் உப்பு போடவேண்டும். பனி கரைக்கும் உப்பின் பாவனை கூடியது.

அதாவது நீங்கள் "ஃபோர் வீல் இருக்கோ?" என்று தேடுகிற அந்த நேரமே, உப்பு றோட்டில் ஓடிய வண்டிகளைத்தான் வடிகட்டி எடுக்கிறீர்கள். "ஜப்பான் வண்டி எண்டால் கறள் இராது" என்ற நம்பிக்கை தெற்குப் பக்கத்து, இரண்டு சில்லு இழுக்கிற கார்களுக்குப் பொருந்தலாம். இதற்குப் பொருந்தாது.

கறள் என்றால் அழகுப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு ஒரு குழாயின் கதை. இந்த வான்களில் பின் சீற்காரருக்குத் தனி ஹீற்றர் உண்டு. எஞ்சினின் சூடான தண்ணீர் இரும்புக் குழாய் வழியாக அடிப்பக்கத்தால் பின்னுக்குப் போய்த் திரும்பி வரும். அந்தக் குழாய் கறள் பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழும். தண்ணீர் சொட்டுச் சொட்டாய்ப் போகும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது, ஏனென்றால் தண்ணீர் குறைந்துவிட்டால் சூடு காட்டும் முள்ளே ஒழுங்காய்ச் சொல்லாது. உணரியைச் சுற்றித் தண்ணீர் இருந்தால்தானே அது சூட்டை அளக்கும்! ஒருநாள் நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும், சிலிண்டர் ஹெட் வெடிக்கும். 2.5 லீற்றர் 4டி56, 2.8 லீற்றர் 4எம்40 ஆகிய இரண்டு டீசல் எஞ்சின்களும் உழைப்பாளிகள்தான், ஆனால் அதிசூட்டைத் தாங்காதவை. ஒரு குழாய்த்துண்டு எஞ்சினையே தின்றுவிடும். விவரம் தெரிந்தவர்கள் வண்டி வந்து இறங்கியவுடன் அந்தக் குழாயை மாற்றுகிறார்கள், அல்லது பின் ஹீற்றரை அடைத்துவிடுகிறார்கள். தண்ணீர் மட்டம் குறைந்தால் கத்துகிற சின்ன எச்சரிக்கைக் கருவியும் பூட்டுவார்கள். 4டி56 என்றால் ரைமிங் பெல்ற் மாற்றியதற்கு ஆதாரம் கேட்கவேண்டும். அதில் அதிர்வைக் குறைக்கும் தண்டுக்கு இன்னொரு சின்ன பெல்ற் உண்டு. அது அறுந்து பெரிய பெல்ற்றுக்குள் சிக்கினால் கதை முடிஞ்சுது. 4எம்40இல் பெல்ற்றுக்குப் பதில் சங்கிலி.

சரி, ஏலத்தாளை எப்படி வாசிப்பது? மேலே மூலையில் இருக்கிற தர எண்ணைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். 4, 4.5 என்றால் பாவித்த வண்டிக்கு நல்லது, 3.5 நடுத்தரம், 'ஆர்' என்றால் விபத்துக்குப் பின் திருத்தியது. பக்கத்திலிருக்கும் ஏ, பி, சி, டி உள்பகுதிக்கு. கீழே ஒரு கார்ப் படம், அதன்மேல் குறிகள்: 'ஏ' கீறல், 'யூ' நெளிவு, 'டபிள்யூ' முன்பு தட்டி நிமிர்த்திய அலை, 'எஸ்' கறள், 'சி' அரிப்பு. எழுத்துக்குப் பின்னால் வரும் எண் கூடக்கூட மோசம். ஆனால் அந்தப் படம் வண்டியை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்கிற படம். அடிப்பக்கத்துக்கு அதில் இடமே இல்லை. அடிப்பக்கக் கறள் கையெழுத்து வரிகளில்தான் ஒளிந்திருக்கும். தரம் 4 வாங்கிய வண்டியின் அடி பொருபொரு என்று உதிரலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. கையெழுத்துப் பகுதியை வரிக்கு வரி மொழிபெயர்த்துத் தர மறுக்கிற முகவரை நான் நம்பமாட்டேன்.

இன்னொரு தந்திரம் கறுப்புத் தார்ப்பூச்சு. அடிப்பக்கம் முழுக்கப் புதுசாய்க் கறுப்படித்துப் பளபளவென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். 25 வருட வண்டிக்கு அது இயற்கையான நிறமில்லை. பூச்சுக்கு முந்திய படங்களைக் கேளுங்கள்: கதவுக்குக் கீழான விளிம்பு, பின் சில்லு வளைவு, சட்டம், பிறேக் குழாய்கள். ஸ்பேஸ் கியரில் சட்டமும் உடம்பும் ஒன்றாக ஒட்டியவை. சட்டம் அரித்தால் கழற்றி மாற்ற முடியாது, வெட்டி ஒட்டத்தான் வேண்டும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. கனடாவில் 15 வருடம் கடந்த வாகனத்துக்கு மத்திய பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து விலக்கு. அமெரிக்காவில் 25 வருடம். ஸ்பேஸ் கியர் கனடாவுக்கு 2009இல் வரத் தொடங்கியது, அமெரிக்காவுக்கு 2019இல். கணக்கு உற்பத்தி மாதத்திலிருந்து. ஆனால் ஜப்பானிய ஆவணத்தில் இருப்பது முதற்பதிவு மாதம். எல்லைக்கோட்டில் இருக்கிற வண்டி என்றால் உற்பத்தி மாதத்துக்குத் தனி ஆதாரம் தேவைப்படும். ஏற்றுமதிப் பதிவுநீக்கச் சான்றிதழ் கட்டாயம், அது இல்லாமல் இங்கே பதியவே முடியாது. கனடாச் சுங்கத்தில் குளிரூட்டிக்கென்று 100 டொலர் கலால் வரி, அது வேலை செய்யாவிட்டாலும் அழவேண்டியதுதான். அடியில் மண் ஒட்டியிருந்தால் துறைமுகத்தில் மறிப்பார்கள். அடையாள எண் 17 இலக்கம் இல்லாததால் சில காப்புறுதிக்காரரின் கணினி அதை ஏற்காது. காசு கட்ட முதலே காப்புறுதிக்காரரிடம் கேட்டுவிடுங்கள். மாகாண விதிகள் வேறு வேறு. கியூபெக்கில் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு 15 போதாது, 25 வருடம் வேண்டும்.

வலப்பக்க ஸ்டியரிங் என்றதும் நண்பர் சிரித்தார். "அண்ணை, நான் யாழ்ப்பாணத்திலை ஹையேஸ் ஓடினவன்." உண்மைதான், இலங்கையில் வளர்ந்த எங்களுக்கு ஜப்பான் வானும் வலப்பக்க ஸ்டியரிங்கும் புதிதல்ல. ஆனால் அங்கே றோட்டும் இடப்பக்கம். இங்கே நீங்கள் றோட்டின் வலது கரையோரம் இருந்துகொண்டு முன்னால் போகிற லொறியை முந்தப் பார்க்கிறீர்கள். எதிரே வருவது தெரியவேண்டுமென்றால் பாதி வண்டியை மற்ற லேனுக்குள் நீட்டவேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் அரச காப்புறுதி நிறுவனத்தினர் 2000களில் இதை ஆராய்ந்து, இப்படியான வண்டிகளுக்கு விபத்து ஆபத்து 40 சதவீதத்துக்கும் மேல் கூட என்று கண்டார்கள். முகப்பு விளக்கும் இடப்பக்கப் போக்குவரத்துக்காகச் சாய்ந்தது, இங்கே எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், மாற்றவேண்டும். ஸ்டார் வேகனில் இன்னொரு விஷயம்: எஞ்சின் உங்கள் சீற்றுக்குக் கீழே, முன் அச்சுக்கு மேலே நீங்கள். முழங்காலுக்கு முன்னால் தகரமும் கண்ணாடியும்தான். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தகப்பன் என்பதால் இதை அவருக்கு இரண்டு தரம் சொன்னேன். ஸ்பேஸ் கியருக்குக் கொஞ்சம் மூக்கு உண்டு, அந்த அளவில் மேல்.

றேடியோவையும் மறந்துவிடுவேன். இந்தப் பழைய வான்களில் வருகிற ஜப்பான் எஃப்எம் றேடியோ 76இல் தொடங்கி 90இல் முடிந்துவிடும். இங்கத்தைய வானொலிகளில் பாதிக்கு மேல் கேட்காது.

இவ்வளவும் சொன்னதற்காக நான் இந்த வான்களுக்கு எதிரி இல்லை. வசதி வந்தால் நானும் ஒன்று எடுப்பேன், பெற்றோல் 3 லீற்றர் வி6, தெற்கு ஜப்பானிலிருந்து. எண்ணெய் குடிக்கும்தான், ஆனால் வாரக்கடைசிக்கு மட்டும் ஓடுகிறவருக்கு ஒரு வெடித்த ஹெட்டின் விலையில் கனகாலம் பெற்றோல் அடிக்கலாம்.

நண்பர் அந்த வானை விட்டுவிட்டார். இப்ப 98ஆம் ஆண்டு ஒன்று பார்த்து வைத்திருக்கிறார், தரம் 3.5. கையெழுத்து வரிகளில் கறள் பற்றி எதுவும் இல்லை. அடிப்பக்கப் படம் ஆறு கேட்டு எழுதியிருக்கிறோம். நாலு வந்திருக்கு. பின் ஹீற்றர் குழாய் தெரிகிற படம் இன்னும் வரேல்லை.