தீவனச் சோளம் அறுக்கத் தக்க பருவம்

தர்மபுரி ஜில்லாவின் மானாவாரிக் குடியானவர்களுக்குத் தானியம் எவ்வளவு முக்கியமோ, தட்டும் அவ்வளவு முக்கியமாகும். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் வட்டங்களில் பங்குனியில் மேய்ச்சல் கரிந்துவிட்டால், ஆலம்பாடி எருதுக்கும் கறவைப் பசுவுக்கும் போரில் உள்ளதே ஆகாரம். அப்போரின் சத்தோ, பயிரை அறுத்த நாளைப் பொறுத்தது.

சித்திரைக் கோடை மழையில் விதைத்த தீவனச் சோளம் 60 முதல் 65 நாட்களில், அதாவது ஆனி மாதத்தில், பூக்கும். வயலில் பாதிக் கதிர்கள் பூத்திருக்கும் சமயமே அறுப்புக்கு ஏற்றது. அதற்குமேல் தாமதித்தால், இலையிலும் தண்டிலும் உள்ள சத்து மணிக்குச் சென்றுவிடும். தண்டு நார்பற்றி மரத்துப்போம். மணி முற்றியபின் கிடைக்கும் தட்டில் புரதம் நூற்றுக்கு ஏறத்தாழ 3, 4 பங்கே எஞ்சும். மாடுகள் இலையைத் தின்று தண்டைக் கழித்துவிடும்.

தானியமும் வேண்டும், நல்ல தீவனமும் வேண்டும் என்போர், நிலத்தில் ஒரு பகுதியைப் பிரித்து, அதில் தீவனத்துக்கென்றே நெருக்கமாக விதைப்பது உசிதம்.

அவசரப்பட்டு இளம் பயிரை அறுப்பது இதனினும் ஆபத்தானது. இளஞ்சோளத்தில் ஒருவித நஞ்சு உண்டாகும் தன்மை உண்டு. மாட்டின் வயிற்றில் அது ஹைட்ரோசயனிக் அமிலமாக மாறும். மழையின்றி வாடிய பயிரிலும், அறுத்த கட்டையிலிருந்து கிளைக்கும் மறுதாம்பிலும் நஞ்சு அதிகம். வறட்சிக்குப்பின் மழை பெய்ததும் பச்சையாகத் துளிர்ப்பதைக் கண்டு மாட்டை அவிழ்த்துவிடுதல் கூடாது. நஞ்சு உண்ட மாடு மூச்சுத் திணறி, நுரை கக்கித் தள்ளாடி, சிலபோது ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே இறந்துவிடும். அறிகுறி கண்டவுடன் கால்நடை மருத்துவரை அழைப்பின் மாற்று மருந்து ஊசியால் பிழைக்க வழியுண்டு. கை வைத்தியம் செய்து காலத்தைப் போக்குதல் தகாது.

அறுத்த பயிரை வயலிலேயே பரப்பி, இடையிடையே புரட்டி உலர்த்த வேண்டும். ஆனி, ஆடி மாதக் காற்று இதற்கு நல்ல துணை. ஆவணி, புரட்டாசியில் மழை வலுக்குமுன் வேலையை முடித்தல் அவசியம். இலை சீக்கிரம் காய்ந்துவிடும். தண்டின் கணுவில்தான் ஈரம் தங்கும். கணுவை நகத்தால் கீறிப் பார்த்துச் சாறு கசியாதபோதே போர் போடலாம். ஈரத்தோடு அடுக்கிய போர் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். நன்கு உலர்ந்த தட்டில் நஞ்சும் பெரும்பாலும் குறைந்துவிடும். எனினும் வாடிய பயிரின் தட்டை வைக்கோலோடு கலந்து, சிறிது சிறிதாகப் போடுவதே விவேகம்.

கோடை மழை பெய்தவுடன் கிராம அலுவலர்கள் இவ்வெச்சரிக்கையை ஊரார் கூடுமிடங்களில் எடுத்துரைப்பாராயின், ஒவ்வொரு கிராமத்திலும் சில மாடுகளேனும் காப்பாற்றப்படும். ஓர் எருது மடிந்தால் அவ்வாண்டு உழவே நின்றுபோகும் குடும்பங்கள் இன்றும் உள என்பதை நினைவிற்கொள்க.