இளந்திருத்தூதரின் தலை

2012ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், இலண்டனில் உள்ள சோத்பீஸ் ஏல மண்டபத்தில் ஒரு தாள் விலைகூறப்பட்டது. அதன் உயரம் ஒரு முழங்கூட இல்லை. வண்ணமும் கிடையாது. கருங்கட்டியால் வரைந்த ஓர் இளைஞரின் தலை மட்டுமே அதில் உண்டு. 1 கோடி முதல் 1½ கோடிப் பவுன் வரை பெறும் என மதிப்பிட்டிருந்தனர். கட்டணங்கள் உட்பட 2 கோடியே 97 இலட்சம் பவுனுக்கு அஃது விலைபோயிற்று. வரைந்தவர் இத்தாலியப் பேரோவியர் ரபேல்.

பெரிய ஓவியத்திற்கு முன் கிறுக்கிப் பார்த்த தாளுக்கா இவ்வளவு விலை என வியப்பார் உளர். அங்கேதான் பிழை. இஃது தொடக்கத்தில் கிறுக்கிய தாள் அன்று; முடிவுக்குச் சற்று முன் வரைந்த தாள்.

ரபேல் இறுதியாக எழுதிய ஓவியம், மலைமேல் இயேசு பெருமான் ஒளியுருக் கொண்ட காட்சியாகும். மேற்பாதியில் அவ்வொளி. கீழ்ப்பாதியிலோ, வலிப்பு நோயுற்ற சிறுவனைத் தந்தை கொண்டுவந்து நிறுத்த, குணப்படுத்த இயலாது கலங்கும் சீடர்கள். அவர்களுள் ஒருவரே நம் இளைஞர்.

இத்தகைய ஓவியத்தை முதலில் தாளில் முழு அளவில் வரைவர். பின்னர்க் கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்டு, அத்தாளைப் பலகைமேல் வைத்துக் கரித்தூள் முடிந்த துணியால் தட்டுவர். துளை வழியே தூள் இறங்கிப் புள்ளி புள்ளியாய் உருவம் பதியும். ரபேல் இன்னும் ஒருபடி சென்றார். முக்கியமான தலைகளை அவ்வாறே வேறு தாளிலும் தட்டி எடுத்து, அப்புள்ளிகள்மேல் கருங்கட்டியால் ஒளியும் நிழலும் தீர வரைந்து பார்த்தார். வண்ணம் தொடுமுன் முகத்தின் உணர்ச்சியைத் தாளிலேயே தேர்ந்துகொண்டார் என்க.

கருங்கட்டி என்பது நாம் வகுப்பறையில் பிடிக்கும் வெண்கட்டியின் கறுப்பு வகையன்று. கரிமம் கலந்த மென்மையான இயற்கைக் களிமண் கல் அது. கூராக்கினால் மயிரிழைக் கோடு வரும். விரலால் தேய்த்தால் புகைபோல் படியும். கன்னத்தின் வளைவுக்கும் சுருண்ட முடிக்கும் ஒரே கட்டி போதும்.

1520 ஏப்ரல் 6இல், 37ஆம் வயதில் ரபேல் மறைந்தார். அவர் தலைமாட்டில் இவ்வோவியத்தை வைத்தனர் என வசாரி எழுதுகிறார். ஓவியம் இன்று வத்திக்கானில் உள்ளது. இத்தலையோ இங்கிலாந்தில் டெவன்ஷயர் கோமக்களின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தொகுப்பில் நெடுங்காலம் இருந்து ஏலத்திற்கு வந்தது.

விற்றவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை, உடைமை அவர்களுடையது. ஆயினும் தனியார் கைக்குச் சென்ற தாளை, அவர் இசைந்தால்தான் பிறர் காணலாம். ரபேல் எவ்வாறு உழைத்தார் என்பதற்கு அத்தாளே சான்று. அச்சுப்படத்தில் கரித்தூள் புள்ளிகள் எளிதில் புலப்படா. நல்லவேளையாக, இதே ஓவியத்திற்கென வரைந்த இரு சீடர்களின் தலைகளும் கைகளும் அடங்கிய தாள் ஆக்ஸ்போர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலும் அப்புள்ளிகள் உண்டு.